ஜோதியம்மாள் மண்டபத்தில் ஜார் சாகக் கூடாது

திருவண்ணாமலை
6 டிசம்பர் 2025

அண்ணா,

போனில் பேச ஆரம்பித்தால் நமக்குள் உடனே சண்டை வந்துவிடுகிறது. மெயிலில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி மெயில்தான். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

நாங்கள் ஒரு நாடகம் போடுகிறோம். பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா நாடகமில்லை. சனிக்கிழமைதோறும் டவுனில் சிலபேர் கூடுகிறோம் என்று சொன்னேனே, அந்தக் குழு. எழுதியது நான். கதை நீ வேலை பார்க்கிற ஊரின் கதை. பீட்டர்ஸ்பர்க்கில் இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஆண்ட ரஷ்யாவின் ஜார் சக்கரவர்த்தி, பால் என்று பெயர். ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சி நடத்துவதற்காகப் படிக்கப்போய் இவரிடம் மாட்டிக்கொண்டேன். விடமாட்டேன் என்கிறார்.

வட்டத் தொப்பி போடக் கூடாது என்று சட்டம் போட்டவர். அவர் வண்டி வந்தால் எதிரே வருகிறவர்கள் தங்கள் வண்டியை விட்டு இறங்கி, சேறானாலும் பனியானாலும், வணங்கி நிற்க வேண்டும். ‘குடிமகன்’ என்ற சொல்லையே தடை செய்தார். அதே ஆள்தான் அரண்மனையில் ஒரு மஞ்சள் பெட்டி வைத்து, யார் வேண்டுமானாலும் மனு போடலாம், சாவி என்னிடம் இருக்கும் என்றார். பண்ணையடிமைகளை ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக் கூடாது என்றதும் அவரே. கடைசியில் அவருடைய அதிகாரிகளே படுக்கையறையில் புகுந்து அவரைக் கொன்றார்கள். சதி நடக்கிறது என்று மகன் அலெக்சாந்தருக்கு முன்பே தெரியும்.

இப்போது நீ கோபப்படப் போகிற இடம். மார்கழியில் கல்யாணம் இல்லையே, நம் மண்டபம் சும்மாதான் கிடக்கும் என்று அப்பாவிடம் கேட்டேன். தந்துவிட்டார். ஜனவரி பதினொன்று, ஞாயிறு மாலை. அலெக்சாந்தராக நடிப்பது முருகையன் அண்ணன். ஆமாம், உன் சிநேகிதன் முருகையன்தான். ஆடை எல்லாம் தென்றல் அண்ணி தைக்கிறார்.

ஜார் கட்டிய கோட்டை உன் ஊரில் இன்னும் இருக்கிறதாம். போய்ப் பார்த்து எழுது. நீ போய்விட்டாய், நான் இங்கேதான் இருக்கிறேன். இருக்கிற இடத்தில்தானே நாடகம் போட முடியும்.

அபிநயா


பீட்டர்ஸ்பர்க்
11 டிசம்பர்

அபி,

முதலில் பெயர். பால் என்று எழுதாதே. காபியில் ஊற்றுகிற பாலாகிவிடும். இங்கே அவர் பாவெல்.

இரண்டாவது, மண்டபம். ஊரில் உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? முருகையனும் தென்றலும் மாலையோடு வந்து நின்றபோது எந்த கேட்டை அவர் பூட்டினாரோ, அதே கேட் வழியாகவா அவர்கள் ஒத்திகைக்கு வரப்போகிறார்கள்? அந்தக் கல்யாணத்தை எதிர்த்த பெண் வீட்டார் தனக்கு வேண்டியவர்கள் என்பதற்காக, நான் எழுதிக்கொடுத்த முன்பதிவைக் கிழித்துப் போட்டார். பூட்டை உடைத்தது நான். அத்தனை பேர் பார்க்க என்னை அறைந்தது அவர். அதற்குள் கல்யாணக் கூட்டம் கோயிலுக்கு நடந்துவிட்டது. மூன்று வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை. அவர்கள் எப்படி மறந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஷிஃப்ட் முடிந்து கப்பல் கட்டும் தளத்திலிருந்து பஸ் ஏறினேன், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நேரே கோட்டைக்குப் போய்விட்டேன். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. சுவர் செம்மண்ணும் மஞ்சளும் கலந்த நிறம், பனிக்கு நடுவில் வெந்த செங்கல் போல இருந்தது. அந்தக் காலத்தில் சுற்றிலும் அகழியும் தூக்குப் பாலமுமாம். இப்போது அகழியைப் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். தன்னைக் கொல்ல வருவார்கள் என்ற பயத்தில் பாவெல் அவசரப்பட்டு, சுவர் காய்வதற்குள் குடிவந்திருக்கிறார். முதல் விருந்தில் சுவரின் ஈரம் புகையாகக் கிளம்பி, எதிரே நிற்கிறவன் முகம்கூடத் தெரியவில்லையாம். வந்து நாற்பது நாளில் கதை முடிந்தது. அந்தப் படுக்கையறை பிற்பாடு சிறிய தேவாலயமாக ஆகிவிட்டது. உள்ளே ஓர் அம்மாள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். உன் நாடகத்தில் இது இல்லாவிட்டால் உடனே சேர். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பாவெல் ஒரு படையை அனுப்பினார். இருபதாயிரத்துக்கும் மேல் கசாக்குக் குதிரை வீரர்கள், நடுப் பனிக்காலத்தில் கிளம்பினார்கள். எங்கே என்று நினைக்கிறாய்? இந்தியாவுக்கு. வெள்ளைக்காரனை நம் நாட்டைவிட்டு விரட்ட. சரியான வரைபடம்கூட இல்லையாம். கோட்டை அருங்காட்சியகத்தில் இதைப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் கையைப் பிடித்து, நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். அவர் பயந்துபோனார்.

அறிவு


திருவண்ணாமலை
17 டிசம்பர்

அண்ணா,

உன் கடிதத்தை ஒத்திகையில் உரக்கப் படித்தேன். கோபத்தைத் தாண்டிவிட்டு, படை வருகிற இடத்தை மட்டும். எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். திப்பு இறந்து இரண்டு வருஷம்கூட ஆகாத காலம் அது. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆளாளுக்குப் பேசி, அன்றைக்கு ஒத்திகையே நடக்கவில்லை. பனியில் குதிரைகள் நடக்கிற காட்சியைப் பறையும் வெள்ளை வேட்டிகளும் வைத்துச் செய்திருக்கிறோம். எனக்கே புல்லரிக்கிறது.

முருகையன் அண்ணன் எப்படி மறந்தார் என்று கேட்டிருந்தாய். அவர் தயங்கத்தான் செய்தார். தென்றல் அண்ணிதான் இழுத்துக்கொண்டு வந்தார். “அன்னிக்கு வெளியவே நின்னுட்டுப் போனேன். உள்ள எப்டி இருக்குதுன்னு ஒரு நாளாவது பாக்கணும் இல்ல?” என்றார். அப்பா அவர்களைப் பார்த்தார். மாடிக்குப் போய்விட்டார்.

ஆனால் தினமும் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒத்திகையைப் பார்க்கிறார். ஜார் உத்தரவுகளைப் படிக்கிற காட்சி. வட்டத் தொப்பி கூடாது, வால் வைத்த கோட்டு கூடாது, வெளிநாட்டுப் புத்தகம் கூடாது என்று அடுக்கும்போது எங்கள் குழுவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. ஏனென்றால் ஜாருக்குப் பின்னால் அப்பா மாட்டிய போர்டுகள். மணமேடையில் செருப்பு கூடாது, கலர் பேப்பர் வெடி கூடாது, மண்டபத்துக் கரண்டியை வெளியே எடுத்துப்போகக் கூடாது. சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

ஜாராக நடித்த ஆதிமூலம் சாரை உனக்குத் தெரியாது. பஸ் கண்டக்டர், கணீர் என்ற குரல். அவர் நடக்கிற நடை சரியில்லை என்று அப்பா மாடியிலிருந்தே திருத்திக்கொண்டிருந்தார். உட்காருவது சரியில்லை. கோபம் கம்மி, கத்தல் ஜாஸ்தி. நேற்று மறுபடி திருத்தியபோது ஆதிமூலம் சார் கிரீடத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். “அப்ப நீங்களே நடிங்க, ஐயா” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதோடு முடியவில்லை. அப்பா கீழே இறங்கி வந்து, கடைசியில் ராஜா என்ன ஆகிறார் என்று கேட்டார். கொன்றுவிடுகிறார்கள் என்றேன். இங்கேயா என்றார். ஆமாம், மேடையில் என்றேன்.

“ஆயிரம் பொண்ணுங்க தாலி கட்டிக்கிட்ட மேடை. உங்கம்மா பேர்ல இருக்குது. இதுல ஒருத்தன் சாகறதாவது. அதெல்லாம் ஆவாது.”

ஜார் இல்லை, சாவு இல்லை, நாள் நெருங்குகிறது. இருந்தும் என்னவோ தெரியவில்லை, இந்த நாடகம் நடந்தே தீரும் என்று மனசு குதிக்கிறது.

அபி


பீட்டர்ஸ்பர்க்
20 டிசம்பர்

அபி,

குதிக்காதே. இடத்தை மாற்று. கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூட மைதானம் கிடைக்கும். கயிறு கட்டி விளக்குப் போட்டால் போதும்.

அவர் மாறமாட்டார். கேட்டைப் பூட்டினவர், இப்போது கதையைப் பூட்டுகிறார். நாளைக்கு ஜார் சிரிக்கக் கூடாது என்பார், மறுநாள் மகன் எதிர்த்துப் பேசக் கூடாது என்பார். நீ ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து, கடைசியில் மிஞ்சுவது மாலை மரியாதையோடு ஒரு சக்கரவர்த்தி மட்டும்தான்.

ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன். அன்றைக்கு நீ மாடி ஜன்னலில் நின்றாய். நான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார், உன் பேச்சைத்தான் கேட்பார். ஏன் வரவில்லை?

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அறிவு


திருவண்ணாமலை
28 டிசம்பர்

அண்ணா,

ஒரு வாரம் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஜன்னலைப் பற்றிக் கேட்டாயே, அதற்காக. அம்மா போய் அப்போது ஆறு மாதம். கீழே வந்திருந்தால் நான் உன் பக்கம்தான் நின்றிருப்பேன், அன்றைக்கே உன்னோடு கிளம்பியிருப்பேன். அந்த வீட்டில் அவர் ஒருவர் மட்டும் இருந்திருப்பார். அதைச் செய்ய என்னால் முடியவில்லை. உனக்குக் கிளம்ப முடிந்தது. நான் உன்னைக் குறை சொன்னேனா? இதற்குமேல் இதைப் பற்றி எழுதமாட்டேன்.

இப்போது சேதி. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். ஜாராக அப்பா நடிக்கிறார்.

நீ சொன்னபடி மைதானத்துக்குப் போகலாம் என்று முடிவுசெய்து, சொல்லிவிட்டு வரப் போனேன். அப்பா சாப்பாட்டு மேசையில் என் நாடகப் பிரதியை விரித்து வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடி, சிவப்பு மையில் கோடுகள். வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். தலையைத் தூக்காமலே கேட்டார், இவருடைய அப்பனையும் இப்படித்தான் கொன்றார்களா என்று. ஆமாம், இவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என்றேன். அம்மாவே சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு, நாற்பது வயது தாண்டும்வரை இவரைக் கிட்டவே சேர்க்கவில்லையா? ஆமாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“இவன் கொடுமக்காரன் இல்லம்மா. பயந்தவன். பயந்தவன்தான் இத்தன சட்டம் போடுவான். ஆதிமூலத்துக்கு அது புரியல. ராஜா மாதிரி நடந்தான்.”

பிறகு எழுந்து, கூடத்தில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்து காட்டினார். முதுகு நிமிர்ந்து, கால் விறைத்து, ஆனால் ஒவ்வொரு கதவையும் ஓரக்கண்ணால் பார்த்தபடி. அண்ணா, பாவெல் நடந்தார். வெறும் லுங்கியில்.

சாகிற காட்சி இருந்தே ஆகும் என்று நானும் பிடிவாதமாக நின்றேன். ரொம்ப நேரம் வாதாடினோம். கடைசியில், வேறு எவனையும் இங்கே சாக விடமாட்டேன், செத்தால் நான்தான் சாவேன், இடம் என்னுடையது என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆதிமூலம் சார் வீட்டுக்கு அவரே ஆள் அனுப்பினார். இப்போது அவர்தான் சதிக்கூட்டத் தலைவர், ஜாரைக் கொல்வது அவர் பங்கு. ரொம்ப உற்சாகமாக இருக்கிறார்.

ஒரு குறை. கடைசி நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அப்பனும் மகனும் எதிரெதிரே உட்காருகிறார்கள். மகனுக்கு எல்லாம் தெரியும், அப்பனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் காட்சி எனக்கு எழுத வரவில்லை. நீ எழுது.

அபி


பீட்டர்ஸ்பர்க்
3 ஜனவரி 2026

அபி,

லுங்கியில் நடந்தார் என்ற வரியை நாலு தடவை படித்தேன். கண்முன்னே வருகிறது. வரக் கூடாது என்றாலும் வருகிறது.

ஜன்னலைப் பற்றி இனி நானும் கேட்கமாட்டேன்.

காட்சியை இணைத்திருக்கிறேன். சின்னதுதான். அலெக்சாந்தர் சம்மதித்தது அப்பாவைச் சிறைவைக்கத்தான், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார் என்கிறார்கள். நம்பினாரா, நம்பியதுபோல் இருந்தாரா, யாருக்குத் தெரியும். எனக்கு அந்த மகன்மேல்தான் இரக்கம் வருகிறது. ஜெயித்தபிறகு அவரால் அந்த அப்பனிடம் போய்ச் சண்டைபோடக்கூட முடியாது.

காட்சியில் அப்பன் கேட்கிறார், “முகம் ஏன் வாடியிருக்கிறது?” மகன், “ஒன்றுமில்லை, தந்தையே” என்கிறார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர்கள் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

அவரிடம் இதை நான் எழுதினேன் என்று சொல்லாதே.

அறிவு


திருவண்ணாமலை
12 ஜனவரி

அண்ணா,

நடந்துவிட்டது.

நாற்காலி போதவில்லை. கிரிவலப் பாதையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். அடி அண்ணாமலையில் தங்கியிருக்கிற ரஷ்யர்கள் சிலர் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கீழ்பென்னாத்தூர்ச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஆஜர். மண்டபத்துச் சக்கரபாணி நடிக்கிறாராமே என்று பார்க்க வந்தவர்கள், பாதிப்பேர் சிரிப்பதற்காகவே வந்தார்கள்.

சிரித்தார்கள்தான். தொப்பி உத்தரவுக்கு மண்டபமே ஆடியது. அப்பா அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் ஓட விட்டு, மெதுவாகத் திரும்பி, சொந்த போர்டுகளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அண்ணா. கைதட்டல் நிற்கவே இல்லை. பறை முழங்கக் கசாக்குகள் பனியில் கிளம்பியபோது பின்னாலிருந்து ஒரு பெரியவர், வாங்கடா வாங்க என்று கூப்பிட்டார்.

பிறகு உன் காட்சி. மேசையில் ரொட்டியும் சூப்பும். முருகையன் அண்ணன் எதிரே குனிந்த தலையோடு. அப்பா, “முகம் ஏன் வாடியிருக்கிறது?” என்றார். “ஒன்றுமில்லை, தந்தையே.” அங்கே விளக்கு அணைய வேண்டும். தென்றல் அண்ணி சுவிட்சில் கை வைத்துவிட்டார். அப்பா கையைத் தூக்கி நிறுத்தினார். ரொட்டியைப் பிட்டார். பெரிய பாதியை முருகையன் அண்ணன் தட்டில் வைத்தார். பாவெல் குரல் இல்லை, வீட்டுக் குரல்.

“சாப்புடு. என்மேல கோவம்னா இருக்கட்டும். சாப்டுட்டுக் கோவப்படு.”

முருகையன் அண்ணனுக்கு அதற்கு வசனம் கிடையாது. ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டார். மெல்லுகிற சத்தம் மைக்கில் கேட்டது. எத்தனை நேரம் போனது என்று தெரியாது. அண்ணியின் கை சுவிட்சிலேயே இருந்தது.

சாகிற காட்சியையும் அவர் தன் வழியிலேயே நடித்தார். திரைக்குப் பின்னால் ஒளிய வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஒளிந்தார். ஆதிமூலம் சார் கும்பலோடு நுழைந்து தேடியபோது, தானே வெளியே வந்து நின்றார். விளக்கு அணைந்தது. ஒரு நிமிஷம் நான் நிஜமாகவே அப்பா என்று கூப்பிட்டுவிட்டேன். முன்வரிசை ரஷ்யப் பெண் அழுதுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

கிரீடத்தைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார், “அந்தச் சாப்பாட்டு சீன் உன் எழுத்து இல்லியே. யார் எழுதினது?”

நான் சொல்லவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போனார்.

அபி


பீட்டர்ஸ்பர்க்
13 ஜனவரி

அபி,

ரொட்டி வைத்த பிறகு முருகையனைப் பார்த்தாரா, கூட்டத்தைப் பார்த்தாரா? அந்த வசனத்தை அதே சொற்களில் சொன்னாரா, நீ அழகுபடுத்தினாயா? வீடியோ இருந்தால் அனுப்பு. இல்லை, வேண்டாம். நீ எழுதியதே போதும்.

வேலையில் இன்று கப்பலில் ஒரு வெல்டிங்கைச் சோதிக்கும்போது நீர் கண்ணை மறைத்து, இரண்டு தடவை சரிபார்க்க வேண்டியதாகிவிட்டது.

வெளியே மைனஸ் பதினெட்டு. காட்சியைத் தந்தபோது பெயர் சொல்லாதே என்றேன். இப்போது சொல்லலாம்.

அறிவு


திருவண்ணாமலை
25 ஜனவரி

அண்ணா,

அப்பா கூட்டத்தைப் பார்க்கவில்லை. முருகையன் அண்ணனையும் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார். ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலையில் வேட்டி கட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் கிளம்பினார். பின்னாலேயே ஸ்கூட்டியில் போனேன். முருகையன் அண்ணன் வீட்டு வாசல். தென்றல் அண்ணி பதறி நாற்காலி போட்டார். அப்பா மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவரால் அது முடியாது. முருகையன் அண்ணன் மடியில் இருந்த அவர்கள் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உத்தரவு போட்டார். காதுகுத்து நம் மண்டபத்தில்தான், மாசியில், வேறு எங்கேயும் போகக் கூடாது. அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“யோசிச்சி சொல்றோங்க” என்றார்.

அப்பாவுக்கு யாரும் அப்படிப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அப்படியே சொன்னார், அண்ணா. நேற்று அண்ணி போன் செய்தார். வருகிறார்களாம். சாப்பாட்டை அவர்கள்தான் முடிவுசெய்வார்களாம். அதற்கும் சரி என்றுவிட்டார்.

காட்சி எழுதியது நீ என்று சொன்னேன். தெரியும் என்றார். எப்படி என்று கேட்டேன். அந்த வீட்டில் இரண்டே வார்த்தையில் பேச்சு முடிகிறதே, அது நம் வீடுதானே என்றார். பிறகு அந்தக் கோட்டையைப் பற்றிக் கேட்டார். சுவர் என்ன நிறம், அகழி எவ்வளவு அகலம், இப்போது உள்ளே விடுவார்களா. எல்லாம் சொன்னேன். வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். இந்த வயதில், மெட்ராஸைத் தாண்டாத மனிதர்.

அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

“ஏப்ரல்ல வர்றேன்னு அவனுக்கு எழுது. வரலாமான்னு கேக்கல. வர்றேன்னு சொல்றேன். பனி கொறஞ்சிருக்குமான்னு மட்டும் கேளு.”

அபி


பீட்டர்ஸ்பர்க்
27 ஜனவரி

அபி,

குறைந்திருக்கும். ஆனால் குளிரும். கம்பளிச் சட்டை அங்கே வாங்க வேண்டாம், அது இந்த ஊருக்குக் காணாது. அளவு மட்டும் எடுத்து அனுப்பு, தோளும் கையும். பூட்ஸ் நான் வாங்கிவைக்கிறேன். ஊறுகாய் எடுத்துவரட்டும். மண்டபத்து அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார், விமானத்தில் விடமாட்டார்கள் என்று இப்போதே சொல்லி வை. வந்து இறங்கியதும் என் அறை சின்னது என்பார். கப்பலைக் காட்டினால், பெயின்ட் சரியில்லை என்பார். சொல்லட்டும். நான் எதிர்த்துப் பேசுவேன், அதையும் அவரிடம் சொல்லிவிடு.

கோட்டை முற்றத்தில் பாவெலுக்கு ஒரு சிலை இருக்கிறது, சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி. அதன் முன்னால் அவரை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். அவர் நடந்துகாட்டினாலும் காட்டுவார். அங்கே காவலுக்கு நிற்கிற அம்மாளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று மேற்பார்வையாளரிடம் ஏப்ரலில் விடுமுறை கேட்டேன். எதற்கு என்றார். என் அப்பா வருகிறார் என்று ரஷ்ய மொழியில் சொன்னேன். மூன்று வருஷமாக இந்த மொழியில் வேலை பார்க்கிறேன், கடைக்குப் போகிறேன், சண்டைகூடப் போடுகிறேன். ஆனால் அப்பா என்கிற அந்த ஒரு சொல்லை இதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சரியாக உச்சரித்தேனா என்று அவரிடமே கேட்டேன். இன்னொரு முறை சொல் என்றார். சொன்னேன்.

அறிவுச்செல்வன்